வீடு என்னுடையது, விருப்பமும் என்னுடையதா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், மளிகைக் கடை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகும் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். "மூன்று குடித்தன வீடு. மாடி போர்ஷன் காலி. ஓனர் கீழே குடியிருக்கிறார். இந்து சைவக் குடும்பத்துக்கு மட்டும். சின்னக் குழந்தை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் கண்ணில் கடைசி இரண்டு வரியும் பிழை.

வக்கீல் அலுவலகம் ஒன்றில் சில வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, கடன் வாங்கி வீடு வாங்கினது நான். மாசாமாசம் தவணை கட்டுறது நான். என் தலைக்கு மேல யார் நடக்கணும்னு நான் முடிவு பண்ணக் கூடாதா? அதுவும் நாலு குடித்தனத்துக்குள்ள இருந்து ஓனரும் அதே வீட்ல இருந்தா இந்தச் சட்டமே கிடையாதுன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்களே!"

ஆபீஸில் சொன்னது பாதி உண்மை. வீட்டுப் பாகுபாட்டுச் சட்டத்தில் ஆளை மாட்டிவிடுவது இந்தப் பாதி உண்மைதான். விதிவிலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இது அமெரிக்காவின் ஃபேர் ஹவுசிங் சட்டம், அதாவது வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டம் பற்றியது. நம்மூர் நிலவரத்தைக் கடைசிப் பக்கம் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதலில் சட்டம் வந்த கதை. அது தெரியாவிட்டால் விதிவிலக்கு ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்பது புரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில அமெரிக்க நகரங்கள், கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நேரடியாகவே சட்டம் போட்டன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் போட்ட அப்படியொரு சட்டத்தை 1917-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நகராட்சி போடக் கூடாது என்றால் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று வீட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். "இந்த மனையை வெள்ளையர் அல்லாத யாருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது" என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினார்கள். சில பத்திரங்களில் யூதர், ஆசியர் என்று பட்டியல் நீண்டது. 1948-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஷெல்லி குடும்பத்தின் வழக்கில், இப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறைவேற்றித் தராது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு அதைக் கடைப்பிடிப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1930-களில் வீட்டுக் கடனுக்காக ஒரு கூட்டாட்சி (அதாவது மத்திய அரசு) நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று கருதிய இடங்களுக்குச் சிவப்பு நிறம். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில்தான் விழுந்தன. கடன் தர மறுப்பதைக் குறிக்கும் 'ரெட்லைனிங்' என்ற சொல்லில் இருப்பது இந்தச் சிவப்புதான்.

1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் ஏழைப் பகுதியில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கி, வெள்ளையர் பகுதிகளுக்குள் ஊர்வலம் போனார். மார்க்கெட் பார்க் (Marquette Park) என்ற இடத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் முடங்கிக் கிடந்தது. 1968 மார்ச்சில் செனட் அதை நிறைவேற்றியது. ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. ஏப்ரல் 10-இல் கீழவை வாக்களித்தது, மறுநாள் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். வருஷக்கணக்கில் நகராத கோப்பு ஒரே வாரத்தில் நகர்ந்தது. ஃபேர் ஹவுசிங் சட்டம் பிறந்தது இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு இந்த நான்கும் 1968-இலேயே இருந்தன. 1974-இல் பாலினம் சேர்ந்தது. 1988-இல் உடல், மனக் குறைபாடும், பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள குடும்பமும் சேர்ந்தன. கர்ப்பிணிகளும் இந்தக் கடைசி வகையில் அடக்கம். ஆக ஏழு. இந்த ஏழில் எதையும் காரணமாக வைத்து ஒருவருக்கு வீட்டை விற்க மறுப்பது, வாடகைக்கு விட மறுப்பது, வாடகையையோ அட்வான்ஸையோ கூட்டிக் கேட்பது, காலியாக இருக்கும் வீட்டை "போய்விட்டது" என்று பொய் சொல்வது, கடனை மறுப்பது எல்லாம் குற்றம். "உங்க ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கம் இருக்காங்க, அங்கே பாருங்களேன்" என்று புரோக்கர் அன்பாகச் சொல்லி வேறு பேட்டைக்குத் திருப்பிவிடுவதும் குற்றம்தான். கேட்பதற்கு உபகாரம் போல இருக்கும் என்பதால் பலரும் இதைப் பாகுபாடு என்றே உணர்வதில்லை.

பட்டியலில் இல்லாததையும் பார்க்க வேண்டும். சம்பளம் போதாது, கிரெடிட் ஸ்கோர் மோசம், முந்தைய வீட்டில் வாடகை பாக்கி, சிகரெட் பழக்கம் இவற்றுக்காக வீட்டுக்காரர் மறுக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சைவமா அசைவமா என்பதும் கூட்டாட்சிப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னதும் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் போன் செய்பவரின் பெயரைக் கேட்டுவிட்டு, சில பெயர்களிடம் மட்டும் "நீங்க நான்வெஜ்ஜா?" என்று கேட்டால், அங்கே சைவம் என்பது திரைச்சீலை. திரைக்குப் பின்னால் இருப்பது மதமா இனமா என்றுதான் விசாரணை அதிகாரி பார்ப்பார்.

இனி ஆபீஸில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

மர்ஃபி அம்மாளின் வீடு

1960-களில் ஹோட்டல், விடுதிகளில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பற்றிய விவாதம் வாஷிங்டனில் நடந்தபோது, ஒரு கற்பனைக் கிழவி உள்ளே நுழைந்தாள். பெயர் மிஸஸ் மர்ஃபி. புருஷன் இல்லாதவள். பிழைப்புக்காகத் தன் வீட்டின் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறாள். அவளுடைய அடுப்படிக்குள்ளேயும் அரசாங்கம் புகுந்து, இவரை வைத்துக்கொள், அவரை வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். பெரிய ஹோட்டலைக் கட்டுப்படுத்து, மர்ஃபி அம்மாளை விட்டுவிடு. இந்த வாதம் ஜெயித்தது. 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தில், உரிமையாளரே குடியிருக்கும், ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத சின்ன விடுதிக்கு விலக்குக் கிடைத்தது. நான்கு வருஷம் கழித்து வீட்டுச் சட்டத்திலும் அதே அம்மாள் வந்து உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கும் வக்கீல்கள் வாயில் அது 'மிஸஸ் மர்ஃபி விலக்கு'தான்.

விலக்கின் அளவு இது: நான்கு குடித்தனத்துக்கு மேல் போகாத கட்டடம், அதில் ஒன்றில் உரிமையாளரே நிஜமாகக் குடியிருக்க வேண்டும். வேறு ஊரில் இருந்துகொண்டு கடிதம் வர மட்டும் அந்த முகவரியை வைத்திருந்தால் பலிக்காது. இந்த அளவுக்குள் இருந்தால், வாடகைக்கு விட மறுப்பது தொடர்பான ஃபேர் ஹவுசிங் சட்டத்தின் பெரும்பாலான விதிகள் பொருந்தாது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விலக்கு இருக்கிறது. தனி வீடு ஒன்றை உரிமையாளரே நேரடியாக விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ கிடைப்பது. அவரிடம் ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. புரோக்கர் வைக்கக் கூடாது. தான் குடியிருக்காத வீடென்றால் இருபத்து நான்கு மாதத்தில் ஒரு விற்பனைக்குத்தான் விலக்கு செல்லும். புரோக்கரின் ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே வந்தாலே இந்த விலக்கு வெளியே போய்விடும்.

இரண்டு விலக்கையும் சேர்த்துப் பார்த்தால் சட்டத்தின் மனம் தெரிகிறது. வீடு தொழிலாக மாறமாற சட்டம் இறுகுகிறது, தன் சொந்த அடுப்படியை நெருங்க நெருங்கத் தளர்கிறது. நியாயமான கோடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு முழு சம்மதம் இல்லை. மறுக்கப்படுகிறவருக்குக் கதவு சின்ன வீட்டுக் கதவா பெரிய வீட்டுக் கதவா என்பதில் என்ன வித்தியாசம்? ஆனால் அந்தக் கோட்டைப் போடாமல் 1968-இல் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியிருக்க முடிந்திருக்காது என்பதும் தெரிகிறது.

"பார்த்தியா, நான் சொன்னது சரிதானே?" என்றார் அண்ணன். அவர் வீட்டில் மூன்று குடித்தனம், கீழே அவரே இருக்கிறார். மர்ஃபி அம்மாளின் நேர் வாரிசு. ஆனால் அந்தக் காகிதத்தை இன்னும் ஒட்ட முடியாது. அதற்கு மூன்று காரணம் இருக்கிறது.

முதல் காரணம் அந்தக் காகிதமேதான். விலக்கு பெற்ற வீட்டுக்காரருக்கும் விளம்பரத்தில் விலக்குக் கிடையாது. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதை அந்த ஏழு அடிப்படையில் எழுதுவது, அச்சடிப்பது, வெளியிடுவது எல்லாம் தடை. சட்டமே இதைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம், சுவரில் ஒட்டக் கூடாது என்பது போலத் தோன்றும். வேடிக்கையாக இருக்கிறது என்று சிரிப்பவர்கள் 1970-இல் மேரிலாந்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் வாடகை விளம்பரம் வந்தது. அறைகலன்களோடு கூடிய அபார்ட்மென்ட், "வெள்ளை வீட்டில்" இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சுவருக்கு அடித்த சுண்ணாம்பைச் சொல்லவில்லை என்பது படிப்பவர் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் பத்திரிகை மீதே வழக்குப் போட்டது. பத்திரிகைச் சுதந்திரம் என்றார்கள். விளம்பரம் கொடுத்த வீட்டுக்காரருக்கே விலக்கு இருக்கும்போது அச்சிட்ட எங்களுக்கு என்ன குற்றம் என்றார்கள். 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரண வாசகர் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதுதான் அளவுகோல் என்றது.

யோசித்தால் காரணம் பிடிபடும். ஒருவர் தன் வாசலில் ஒருவரை மறுத்தால் பாதிப்பு அந்த ஒருவருக்கு. அதையே பலகையில் எழுதி வைத்தால், அந்தத் தெருவில் நடந்துபோகிற ஒவ்வொருவருக்கும் "நீ இங்கே வேண்டாம்" என்ற சேதி போகிறது. வீடு தேடாதவருக்கும் போகிறது, அவர் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கும் போகிறது. அதனால்தான் விளம்பரம் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு எளிய விதி வைத்திருக்கிறார்கள்: வீட்டை வர்ணி, குடிவருபவரை வர்ணிக்காதே. "பக்கத்தில் பூங்கா" என்று எழுதலாம், "இளம் தம்பதிக்கு ஏற்றது" என்று எழுதினால் வம்பு.

ஒரு நூற்றாண்டு தூங்கிய சட்டம்

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1965-இல் ஜோசப் லீ ஜோன்ஸ் என்பவர் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் பேடக் வுட்ஸ் என்ற புதுக் குடியிருப்பில் வீடு வாங்கப் போனார். கறுப்பர் என்பதால் கட்டுமான நிறுவனம் விற்க மறுத்தது. அப்போது ஃபேர் ஹவுசிங் சட்டம் பிறக்கவே இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவது? அவருடைய வக்கீல்கள் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். அடிமை முறை ஒழிந்ததும் போட்ட சட்டம் அது. சொத்து வாங்க, விற்க, குத்தகைக்கு எடுக்க வெள்ளைக் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்றுதான் நூறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஜோன்ஸின் வழக்கைத் தள்ளிவிட்டன.

உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டது 1968 ஏப்ரல் முதல் வாரத்தில். அதே வாரத்தில் கிங் கொல்லப்பட்டார். அடுத்த வாரம் புதுச் சட்டம் வந்தது. வழக்குக்கு இனி அவசியமே இல்லை என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. ஜூன் 17 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 1866-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும். தோலின் நிறத்தைப் பார்த்து வீடு மறுப்பது அடிமை முறையின் மிச்சம், அதைத் துடைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இதில்தான் விஷயம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மர்ஃபி அம்மாள் இருக்கிறாள். 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவள் இல்லை. அதில் விலக்கே கிடையாது. ஆகவே ஒற்றை அறை வாடகைக்கு விடும் கிழவியாக இருந்தாலும், இனத்தைக் காரணம் காட்டி மறுத்தால் பழைய சட்டம் பிடிக்கும். இனம் என்றால் கறுப்பு வெள்ளை மட்டும்தானா என்ற கேள்வி 1987-இல் வந்தபோது, வம்சாவளி, இனக்குழு அடையாளங்களும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரேபியர் ஒருவர் தொடுத்த வழக்கும், யூத ஆலயம் ஒன்று தொடுத்த வழக்கும் அன்றைக்கு ஒன்றாகத் தீர்ந்தன.

ஆக, கூட்டாட்சிச் சட்டத்தில் மர்ஃபி விலக்குக்கு நிஜமாக மிஞ்சுவது மதம், பாலினம், குடும்ப நிலை, குறைபாடு போன்றவைதான். அதுவும் வாயைத் திறந்து விளம்பரம் செய்யாத வரை.

மூன்றாவது காரணம் மாநிலச் சட்டம். கூட்டாட்சிச் சட்டம் தரைமட்டம் மாதிரி. அதற்கு மேல் எவ்வளவு உயரமாகவும் மாநிலங்கள் கட்டிக்கொள்ளலாம். பட்டியலை நீட்டலாம், விலக்கைச் சுருக்கலாம். நியூ ஜெர்சி இரண்டையும் செய்திருக்கிறது. திருமண நிலை, அரசு வாடகை உதவி உட்பட்ட சட்டபூர்வ வருமான வழி எல்லாம் அங்கே பட்டியலில் உண்டு. நான்கு குடித்தன விலக்கு அங்கே செல்லாது. உரிமையாளர் ஒரு பாதியில் இருந்துகொண்டு இன்னொரு பாதியை விடும் இரண்டு குடித்தன வீட்டுக்கும், குடியிருக்கும் தனி வீட்டில் அறை விடுவதற்கும்தான் விலக்கு. நியூயார்க்கிலும் இரண்டு குடித்தனம்தான் எல்லை. கலிஃபோர்னியா இன்னும் கறார், சொந்த வீட்டுக்குள் ஒரே ஒரு நபருக்கு அறை விடுவதோடு சரி.

அண்ணனுடையது மூன்று குடித்தனம். வாஷிங்டன் கண்ணில் மர்ஃபி அம்மாள், நியூ ஜெர்சித் தலைநகர் டிரென்டன் கண்ணில் சாதாரண ஹவுஸ் ஓனர். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லலையே" என்றார்.

மற்ற விலக்குகளை வேகமாகப் பார்த்துவிடலாம். மத அமைப்பு ஒன்று வணிக நோக்கமில்லாமல் நடத்தும் குடியிருப்பில் தன் மதத்தவருக்கு முன்னுரிமை தரலாம். அந்த மதத்தில் சேரவே இனம், நிறம், பூர்வீக நாடு பார்ப்பார்கள் என்றால் விலக்குப் போய்விடும். தனியார் மன்றங்கள் தங்கள் உறுப்பினருக்காக வைத்திருக்கும் தங்கும் அறைகளுக்கும் இதே மாதிரி ஒரு சலுகை உண்டு. போதைப் பொருள் தயாரித்ததற்கோ விற்றதற்கோ தண்டனை பெற்றவரை மறுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. பழக்கத்திலிருந்து மீண்டவரை அந்த வரியைக் காட்டி மறுக்க முடியாது.

முதியோர் குடியிருப்புக்கான விலக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வைக்கும். 1988-இல் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை மறுக்கக் கூடாது என்று வந்ததும், ஃபுளோரிடா, அரிசோனா பக்கம் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிய ஊர்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. அவற்றுக்காக இரண்டு வாசல் வைத்தார்கள். எல்லோரும் 62 வயது தாண்டியவர்கள் என்றால் ஒரு வாசல். குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயது தாண்டிய ஒருவராவது இருந்து, முதியோருக்கானது என்ற விதியை வெளிப்படையாக வைத்து நடத்தினால் இன்னொரு வாசல். முதியோருக்கான தனி வசதிகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1995-இல் எடுத்துவிட்டார்கள். இந்த விலக்கு பிள்ளைகள் விஷயத்துக்கு மட்டும்தான். அங்கேயும் மதம், இனம் பார்த்து மறுக்க முடியாது.

எத்தனை பேர் ஒரு வீட்டில் இருக்கலாம் என்று நகராட்சி நியாயமான வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு தலையை எண்ண வேண்டும், உறவை எண்ணக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரம், உறவினர் அல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் கூடாது என்று விதி வைத்திருந்தது. உறவினர்கள் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவருபவர்களின் இல்லம் ஒன்று அதில் மாட்டியது. இது ஆள் வரம்பே இல்லை, யார் குடும்பம் என்று தீர்மானிக்கிற விதி, இதற்கு விலக்குச் செல்லாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் பிள்ளைகள் படிக்கப் போனதும் முதலில் தேடுவது ரூம்மேட். "பெண் ரூம்மேட் தேவை" என்று போடலாமா? ஒரே குளியலறை, ஒரே ஃபிரிட்ஜைப் பகிர்கிற இடத்தில் பாலினத்தைச் சொல்வதில் சிக்கல் இல்லை என்பதே நடைமுறை. மேற்குக் கரை மாநிலங்களைக் கவனிக்கும் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் இன்னும் ஒரு படி போனது. பகிர்ந்து வாழும் வீட்டில் யாரோடு வாழ்வது என்ற தேர்வுக்குள் ஃபேர் ஹவுசிங் சட்டம் வரவே வராது என்றது. காலை ஆறு மணிக்கு யார் முகத்தில் விழிப்பது என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை. அடுப்படிக் கோட்பாட்டின் எல்லை இதுதான்.

குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் சட்டம் எதிர்த்திசையில் நடக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாது, கொஞ்சம் வளைந்துகொடு என்கிறது. நாய் கூடாது என்ற விதி உள்ள கட்டடத்திலும் பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை அனுமதிக்க வேண்டும். அது செல்லப் பிராணி இல்லை, ஆகவே அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கக் கூடாது.

பொய்யை எப்படிப் பிடிப்பது? "வீடு போய்விட்டது" என்று போனில் சொன்னால் யாருக்குத் தெரியும்? இதற்காகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருமானம், வேலை எல்லாம் ஒரே மாதிரி சொல்லும் இரண்டு பேரை அடுத்தடுத்து அனுப்புவார்கள். 1978-இல் வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்துக்கு அருகே, ஒரே நிறுவனத்திடம் கறுப்பினப் பெண் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் இப்படிக் கேட்டார்கள். கறுப்பினப் பெண்ணுக்கு "காலி இல்லை", வெள்ளையருக்கு "இருக்கிறது". வீடே தேவையில்லாதவர் எப்படி வழக்குப் போடலாம் என்று நிறுவனம் கேட்டது. உண்மையான தகவல் பெறும் உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது, பொய் சொன்னதே பாதிப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது.

புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, பணமும் கட்ட வேண்டாம். மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஒரு வருஷத்துக்குள், நேராக நீதிமன்றம் என்றால் இரண்டு வருஷத்துக்குள். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது முக்கியம். டெக்ஸ்ட் மெசேஜை அழிக்காதீர்கள். புகார் கொடுத்ததற்காக வீட்டுக்காரர் பழிவாங்கினால் அது தனிக் குற்றம். 1988-க்கு முன்னால் இந்தத் துறையால் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம்தான் பேச முடிந்தது. சட்டத்துக்குப் பல் முளைத்தது அந்தத் திருத்தத்தில்தான்.

நம்மூர்ப் பழக்கம்

அண்ணனை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. "டு-லெட்" பலகைக்குக் கீழேயே "சைவம் மட்டும்" என்று எழுதிப் பார்த்து வளர்ந்தவர். இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்வது முதலில் அரசாங்கத்தைப் பார்த்து. கடை, ஹோட்டல் போன்ற பொது இடங்கள் தனியாருடையதாக இருந்தாலும் அதில் வரும். தனியார் வாடகை வீடு அந்த வரியில் பெயர் சொல்லி வரவில்லை. 2005-இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் சரி என்றது. அமெரிக்காவில் விதிவிலக்காக ஒரு மூலையில் இருப்பது, நம்மூரில் கிட்டத்தட்ட விதியாகவே இருக்கிறது.

நம்மூர்ச் சட்டம் முழுக்க ஓட்டை என்றும் சொல்ல முடியாது. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைத் தண்டிக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017-இல் வந்த சட்டமும், திருநர்களுக்கு 2019-இல் வந்த சட்டமும் வாடகைக்கு இருக்கும் உரிமையைப் பெயர் சொல்லியே காக்கின்றன. ஆனால் யாரும் "சாதிக்காக மறுக்கிறேன்" என்று சொல்லி மறுப்பதில்லை. "எங்க வீட்டுல ஏற்கெனவே சொல்லி வெச்சுட்டாங்க" என்பார்கள். ரிச்மண்டில் செய்தது போல இரண்டு பேரை அனுப்பிச் சோதிக்கும் வழக்கம் நம்மூரில் வேர் பிடிக்கவில்லை.

சாதி, கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது, அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றமும் ஒரு மசோதா நிறைவேற்றியது. இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அண்ணனும் நானும் உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பி எழுதினோம். "மாடி போர்ஷன், இரண்டு பெட்ரூம், நல்ல வெளிச்சம், பாத் ரயிலுக்குப் பத்து நிமிஷ நடை. வருமானச் சான்று தேவை. புகை கூடாது." இந்து, சைவம், குழந்தை எல்லாம் போய்விட்டது. "மொட்டையா இருக்கே தம்பி" என்று முனகிக்கொண்டே கொண்டுபோய் ஒட்டினார்.

அன்று சாயங்காலமே முதல் போன். ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் ஒரு தமிழ்க்குரல் வாடகை கேட்டது, ஹீட்டிங் பில் யார் கட்டுவது என்று கேட்டது. பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க என்ன ஆளுங்க?" என்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். குடிவருகிறவர் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்க அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை என்று நான் ஜாடை காட்டினேன்.